ஐந்து போத்தல்

சீனக்குடா மாவு ஆலையில் இரவு வேலை முடித்து
தலைமயிரில் வெள்ளையோடு வருகிறேன்.
ஆறரை மணி.
மிதுஷா விழித்துவிட்டாள், இன்னும் எழும்பவில்லை.
கட்டில் விளிம்பிலிருந்து
வலது முழங்காலைப் பார்க்கிறாள்,
சொல்வழி கேளாத பூனையைப் பார்ப்பதுபோல.

"இதுக்கு இன்னும் விடியேல்லை அப்பா."

வெளியே விடிந்து கனநேரம்.
உட்துறைமுக வீதியில் மான்கள்
குப்பையைக் கிளறி
பாண் சுற்றிய உறையைச் சப்புகின்றன.

சுடுதண்ணித் துவாய், பத்து நிமிடம்.
பிறகு இன்னொன்று.
விறைப்பு எத்தனை நிமிடம் இருந்ததென்று
கொப்பியில் எழுதவேண்டும்.
இன்று நாற்பத்தைந்து.
நேற்றைய கட்டம் வெறுமை. நான் நித்திரையாகிவிட்டேன்.

கன்னியாவுக்குக் கொண்டுபோ என்றார்கள்.
போனோம். ஏழு கிணறு, ஏழு சூடு.
மூன்றாவதுதான் ருசி என்றாள்,
குடித்திருக்கிறாள் கள்ளி.
வீக்கமும் எங்களோடு திரும்பி வந்தது,
பஸ்ஸில் சீற் பிடித்து.

ஆறு வயதில் மூட்டுவாதமா,
அது கிழடுகளின் வருத்தமல்லோ என்றார்
ஓட்டோக்காரர் செபமாலை.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இரவு ரயிலின் ஆட்டம் காலில் இன்னும் மிச்சமிருக்க
கொழும்பு ஆஸ்பத்திரியில்
டொக்டர் கேட்டது முழங்காலைப் பற்றியல்ல.
பிறந்தது எப்படி?
வெட்டித்தான்.
தாய்ப்பால்?
ஐந்து மாதம்.
முதல் இரண்டு வருசத்தில்
அன்ரிபயோட்டிக் எத்தனை தரம்?

ரேணுகா விரலை மடக்கினாள்.
காதுக்கு ஒன்று. நெஞ்சுச் சளிக்கு ஒன்று.
வெள்ளம் வந்த மார்கழியில் ஒன்று.
நான்காவது எதற்கென்று இருவருக்கும் ஞாபகமில்லை.
ஐந்தாவது
துண்டு இல்லாமல் பாமசியில்
நானே கேட்டு வாங்கியது.

ரோஸ் நிறப் பாணி. வாழைப்பழ வாசம்.
கரண்டியையும் நக்குவாள்.

டொக்டர் தாளில் ஒரு குடல் கீறினார்,
கரைவலைக் கயிற்றுக் குவியல்போல வந்தது.
இதுக்குள்ள கோடிக்கணக்கில் குடியிருக்கினம் என்றார்.
உதவுகிறவர், போக்கிரி,
வாடகை தராமல் சும்மா இருப்பவர்.
யார் எங்கட ஆள், யார் பிறத்தி என்று
உடம்பின் காவற்படை
சின்ன வயதில் அவர்களிடம்தான் படிக்கிறதாம்.
பாடம் குழம்பினால்
சொந்த மூட்டையே மறித்துச் சோதிக்கத் தொடங்குமாம்போல.

போல என்றுதான் சொன்னார்.
இப்படியான பிள்ளைகளின் வயிற்றில்
குடியிருப்பவர் கொஞ்சம் வேறாம்.
அதனால் இது வந்ததா,
இது வந்ததால் அது மாறியதா,
இன்னும் தேடுகிறார்களாம்.

நான் இந்த ஊரில் வளர்ந்தவன்.
ஆளை அடையாளம் தெரியாத படை
என்ன செய்யும் என்று
எனக்கு யாரும் கீறிக்காட்டத் தேவையில்லை.

"அப்ப நான்தானா?" என்றேன்.

பேனையை மூடினார்.
"அந்த அஞ்சில ஒண்டு
பிள்ளையைக் காப்பாத்தியும் இருக்கும்.
எது எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

ஆறுதலா அது? ரயிலில் மாகோ வரைக்கும்
அதையே உருட்டிக்கொண்டு வந்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் மஞ்சள் குளிசை.
திங்கள் காலை சிலவேளை சத்தி.
மூன்று மாதத்துக்கொருமுறை
கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார்கள்,
அங்கேயும் வீங்குமாம், சத்தமில்லாமல்.
கிண்ணியாத் தயிர் சட்டியோடு வாங்குகிறேன்.
அது மருந்தில்லை, சாப்பாடு என்று
டொக்டர் இரண்டுதரம் சொன்னார்.
எனக்கும் தெரியும். இருந்தும் வாங்குகிறேன்.
மிதுஷா ஒரு கரண்டி விழுங்கி
வயிற்றில் தட்டிக் கேட்கிறாள்:
"புது ரீச்சர் வந்திட்டாவோ?"

கொப்பியை எடுத்தேன்.
நேற்று எத்தனை நிமிசம் பிள்ளை?

"நேற்று நீங்கள் குறட்டை.
நான் தனிய இறங்கினனான்.
மணிக்கூடு பாக்கேல்லை."